பின்னால் வந்த பெட்டி

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் தொலைபேசி எடுக்கும் அவளுக்கும், பேக்கரியில் ரொட்டி சுடும் அவள் கணவனுக்கும் பதினான்கு மாதங்களாக ஒரே நாளில் விடுமுறை அமைந்ததில்லை. அவர் கிளம்பும் நேரத்தில் அவள் வந்து சேருவாள். இல்லாவிட்டால் அவள் கிளம்பும் நேரத்தில் அவர் மாவு படிந்த புருவத்தோடு வந்து நிற்பார். வாசலில் சாவி கை மாறும்போது பேசிக்கொள்வதுதான் தாம்பத்தியம். மீதியெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய துண்டுச் சீட்டுகள்.

பிள்ளைகள் இரண்டு பேரும் பெண்கள். மூத்தவளுக்குப் பதினான்கு வயது. எதைச் சொன்னாலும் மறுப்புச் சொல்வதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். ஏழு வயதுச் சின்னவள் கண் விழித்த நொடியிலிருந்து தூங்கும்வரை பேசிக்கொண்டே இருப்பதால் ரேடியோ.

இந்தப் பனிமலைப் பயணம் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. முதல் முறை வக்கீலுக்கு மூச்சிரைப்பு வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரி. இரண்டாம் முறை வேலைக்கு ஆள் பற்றாமல் இவளையே கூப்பிட்டுவிட்டார்கள். இந்த முறை வானமே இடிந்து விழுந்தாலும் போய்த்தான் ஆகவேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். போனதற்கு முழுப் பலனும் கிடைக்கவேண்டும் என்று மணிக்கணக்காகத் திட்டம் போட்டு, தாளில் எழுதி, காரில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

கணவன் அதைப் படித்துப் பார்த்தார். "இது லீவா, டியூட்டி ஷீட்டா?"

"எழுதி வைக்கலேன்னா நீங்க ரெண்டு நாளும் தூங்கிடுவீங்க."

அவர் தாளின் ஓரத்தை விரலால் அழுத்தி இன்னும் நன்றாக ஒட்டினார்.

சனிக்கிழமை தாளில் எழுதியபடியே ஓடியது. காலை ஒன்பது மணிக்கு ஸ்கேட்டிங். கணவன் ஒரு மணி நேரமும் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு ஓரமாகவே நகர்ந்தார். கடைசியில் அங்கே வேலை பார்ப்பவர் வந்து, குழந்தைகள் பிடித்துத் தள்ளிப் பழகும் பிளாஸ்டிக் பெங்குவின் ஒன்றை மரியாதையாக அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அப்படியும் அப்பா விழுந்ததையெல்லாம் ரேடியோ எண்ணி, பதினேழு என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் அறிவித்தாள். பதினொன்றரைக்குச் சறுக்குமேடு. தான் ஃபோட்டோ மட்டும்தான் எடுக்கப்போவதாகச் சத்தியம் செய்த அம்மா, நான்காவது முறை ரேடியோவின் பின்னால் ஏறி உட்கார்ந்து, பாதி வழியில் பலகை ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாகக் குப்புற வழுக்கிக்கொண்டு போனாள். சட்டைக்குள் பனி புகுந்தது. கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. மதியச் சாப்பாட்டில் கணவன் கையில் கரண்டியைப் பிடித்தபடியே உட்கார்ந்து தூங்கினார். ஈரச் சாக்ஸ், தொலைந்த ஒரு கையுறை, வெந்நீர்க் குளத்தில் இரண்டு மணி நேரம் என்று அன்று மாலை அறைக்குத் திரும்பியபோது நான்கு பேருக்கும் இடுப்பு கழன்று தனியாக வந்துவிடும்போல் இருந்தது.

சறுக்குமேட்டில் வக்கீல் இரண்டு முறை இருமினாள். வறண்ட, குட்டையான இருமல். அம்மாவுக்கு அது காதில் விழுந்தது. தொலைபேசியில் பின்னணியில் யாராவது இருமினாலே அது எந்த வகை என்று சொல்லக்கூடிய காது அவளுடையது. சிரித்ததால் வந்த இருமல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரோப் கார். அதில் மலை உச்சிக்குப் போய்விட்டு வந்து, சாப்பிட்டு, வீடு திரும்புவதாகத் திட்டம். வண்டி நிறுத்துமிடத்திலேயே சண்டை தொடங்கியது.

"இந்த மெல்லிசு ஜாக்கெட்டைக் கழட்டு. மேல இன்னும் குளிரும். தடிசைப் போட்டுக்கோ."

"எனக்கு இதுவே போதும்."

"போதுமா இல்லையான்னு மேல போய்த் தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்றது? கழட்டு."

"தடிசுல கையைத் தூக்கவே முடியலம்மா. மூட்டை மாதிரி இருக்கு."

"அங்கே உன்னை யாரு பார்க்கப்போறா? வரிசை நீளுது பாரு. சீக்கிரம்."

வக்கீல் ஜாக்கெட்டைக் கழற்றி அம்மாவின் கையில் வீசாத குறையாகக் கொடுத்துவிட்டுத் தடிசை மாட்டிக்கொண்டாள். "ஃபோன்ல யாரு என்னன்னு தெரியாதவங்ககிட்ட எவ்வளவு பொறுமையா பேசுற. எங்ககிட்ட மட்டும் எப்பவும் ஆர்டர்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஜாக்கெட்டைச் சுருட்டித் தோள்பையில் திணித்துக்கொண்டு நடந்தாள்.

பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாக ஊர்ந்து வந்தன. ஒவ்வொன்றிலும் எட்டுப் பேர் உட்காரலாம். ஆனால் குடும்பத்துக்கு ஒன்றாகத்தான் ஏற்றினார்கள். அவளும் ரேடியோவும் ஏறினார்கள். வக்கீல் பின்னால் நகர்ந்து நின்றாள். "நான் அப்பாவோட அடுத்ததுல வரேன்."

"எல்லாரும் ஒண்ணாப் போகத்தானே வந்தோம்" என்று அவள் சொல்லும்போதே கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால் கணவன் இரண்டு கைகளையும் விரித்து, நான் என்ன செய்வது என்பதுபோல் பார்த்தார்.

பெட்டி மேலே ஏறியது. கீழே மரங்கள் சின்னதாயின. ரேடியோ பின்பக்கக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பின்னால் வந்த பெட்டியைப் பற்றி நேர்முக வர்ணனை தொடங்கினாள். "அக்கா முகத்தைத் தூக்கி வெச்சிருக்கா. அப்பா கொட்டாவி விடுறாரு. அப்பா தூங்கப்போறாரு. தூங்கிட்டாரு."

பாதித் தூரம் தாண்டியபோது காற்று பிடித்துக்கொண்டது. பக்கவாட்டில் ஓர் அறை அறைந்ததுபோல் பெட்டி சாய்ந்தது. மேலே ஏதோ கிறீச்சிட்டது. எல்லாம் நின்றது. நின்றபிறகு பெட்டி ஊசலாட ஆரம்பித்தது. தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கி கரகரவென்று, காற்றின் வேகம் கூடியிருப்பதாகவும் மின்சாரமும் தடைப்பட்டிருப்பதாகவும் பயணிகள் அமைதியாக உட்கார்ந்திருக்குமாறும் சொல்லி அடங்கியது.

"அம்மா, விழுந்துடுவோமா?"

"விழமாட்டோம். இரும்புக் கயிறு உன் இடுப்பளவு தடிமன்." உண்மையில் அது எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கைப்பேசி அதிர்ந்தது. கணவன்.

"பாப்பாவுக்கு மூச்சு வாங்குது." அவர் குரலில் தூக்கத்தின் சுவடே இல்லை. "இன்ஹேலர் ஜாக்கெட்ல இருக்குன்னு சொல்றா. போட்டிருக்கிற ஜாக்கெட்ல இல்ல. எல்லாப் பாக்கெட்டையும் பார்த்துட்டேன்."

அவள் மடியில் இருந்த தோள்பையைப் பார்த்தாள். சுருட்டிய ஜாக்கெட்டின் கை ஒன்று வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பாக்கெட்டைத் தொட்டாள். நீல நிற இன்ஹேலர் பஃப் உள்ளேயே இருந்தது. பையின் அடியில், எதற்கும் இருக்கட்டும் என்று அவள் எப்போதும் வைத்திருக்கும் இன்னொன்றும் இருந்தது. இரண்டும் இங்கே. பிள்ளை நாற்பது மீட்டருக்கு அப்பால், அந்தரத்தில்.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, கதவின் பிடியைப் பார்த்தாள். பிறகு வேலையில் செய்வதுபோல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"நான் சொல்றதைச் செய்யுங்க. அவளைப் படுக்க வைக்காதீங்க. நேரா உட்கார வைங்க, கொஞ்சம் முன்னால சாய்ஞ்சு, கை ரெண்டையும் முழங்கால்ல ஊனிக்கட்டும். கழுத்துக்கிட்ட ஜிப்பைத் தளர்த்துங்க. உங்க மஃப்ளரை மூக்கு, வாய்மேல லேசாப் போடுங்க. இறுக்கக்கூடாது. குளிர்ந்த காத்து நேரா உள்ளே போகக்கூடாது, அவ்வளவுதான். உதடு என்ன நிறம்?"

"வெளிறியிருக்கு. நீலம் இல்ல."

"சரி. ரெண்டு நிமிஷத்துல கூப்பிடுறேன்."

கதவில் ஒட்டியிருந்த அவசர எண்ணை அழுத்தினாள். இளம் குரல் ஒன்று எடுத்தது. அது வாய் திறக்கும் முன்பே அவள் சொன்னாள்: "பெட்டி எண் இருபத்தி மூணு. பதினாலு வயசுப் பொண்ணு. ஆஸ்துமா. மூச்சுத்திணறல் ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம். நினைவு இருக்கு, உட்கார்ந்திருக்கா, பேச முடியுது. மருந்து அவகிட்ட இல்ல. முன்னாடி இருக்கிற இருபத்தி ரெண்டுல, என்கிட்ட இருக்கு. மேல ஸ்டேஷன்ல ஆக்சிஜன் இருக்கா?"

"நீங்க டாக்டரா மேடம்?"

"அவளோட அம்மா. ஆக்சிஜன் இருக்கா?"

"இருக்கு. முதலுதவி அறையில."

"அதைப் பிளாட்ஃபாரத்துக்கே கொண்டு வந்துடுங்க. பெட்டியை எப்ப நகர்த்துவீங்க?"

"டீசல் இன்ஜின் போட்டுட்டிருக்காங்க. ஆனா காத்து குறைஞ்சாத்தான் இழுக்க முடியும். இருபது நிமிஷம் ஆகலாம். கூடவும் ஆகலாம்."

"பொய் சொல்லாம இருக்கீங்களே, அதுக்கு நன்றி" என்றாள். உண்மையாகவே சொன்னாள். தினமும் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள் அவள். இருபது நிமிடம் என்பது இந்தப் பக்கத்திலிருந்து கேட்கும்போது எப்படி இருக்கும் என்று இதுவரை தெரிந்ததில்லை.

கணவனைத் திரும்ப அழைத்தாள். கைப்பேசியை வக்கீலின் காதில் வைக்கச் சொன்னாள்.

முதலில் சத்தம் மட்டும் கேட்டது. மெலிந்த விசில்போல் வரும் அந்த மூச்சு. அழைப்பு மையத்தில் எத்தனையோ முறை கேட்டது. அப்போதெல்லாம் மூச்சுக்கு ஒரு முகம் இருந்ததில்லை.

"கண்ணு, அம்மா பேசுறேன். பதில் சொல்லாதே. கேட்டா மட்டும் போதும். உள்ளே இழுக்கிறதைப் பத்திக் கவலைப்படாதே, அது தானா வரும். வெளியே விடுறதை மட்டும் பார்த்துக்கோ. சூடான சூப்பை ஊதுவோம்ல, அந்த மாதிரி உதட்டைக் குவிச்சு மெதுவா ஊது. சூப் சிந்தக்கூடாது. ஊது. ம். இன்னும் கொஞ்சம். அவசரமே இல்ல."

விசில் நீண்டது. அறுந்தது. மறுபடி நீண்டது.

"ரேடியோ" என்று கைப்பேசியை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "அக்காவைப் பார்த்துட்டே இரு. என்ன நடக்குதுன்னு எனக்குச் சொல்லிட்டே இரு. மெதுவா."

ரேடியோவுக்கு வாழ்க்கையில் முதன்முறையாகப் பேசச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. ஆனால் அவள் குரலே எழும்பவில்லை. "அப்பா... தன்னோட ஜாக்கெட்டைத் திறந்து அக்காவை உள்ளே வெச்சு மூடிக்கிட்டாரு. அக்கா தோள் மேல கீழ மேல கீழன்னு போகுது. அப்பா முதுகைத் தடவுறாரு."

பத்து நிமிடம். காற்று இன்னொரு முறை அறைந்தது. இரண்டு பெட்டிகளும் ஒன்றையொன்று பார்த்துத் தலையாட்டுவதுபோல் ஆடின. கண்ணாடியில் பனித்தூள் அப்பிக்கொண்டது. ரேடியோ கையுறையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

பதினைந்தாவது நிமிடத்தில் கைப்பேசியில் விசில் சத்தம் குறைந்தது.

பக்கத்தில் இருக்கும் யாரும் அதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். "சத்தம் குறைஞ்சிடுச்சு, கொஞ்சம் பரவாயில்லபோல" என்று கணவன் சொன்னது பின்னால் கேட்டது. அவளுக்கோ அது நல்ல செய்தியாகப் படவில்லை. சத்தம் குறைவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மூச்சு சீராகிவிட்டது என்பது ஒன்று. சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்பது இன்னொன்று. இதைக் கணவனிடம் சொல்ல முடியாது. சின்னவள் எதிரில் முகத்தில் காட்டவும் முடியாது. கண்டுபிடிக்க ஒரே வழிதான்.

"கண்ணு, இப்ப ஒரே ஒரு வாக்கியம் பேசணும். உன் தங்கச்சி மேல ஒரு புகார் சொல்லு. எது வேணும்னாலும்."

கைப்பேசியைக் காதோடு அழுத்தியதில் காது வலித்தது.

"அவ..." மூச்சு. "என் கையுறையை..." மூச்சு. "எடுத்துத்..." மூச்சு. "தொலைச்சிட்டா."

வாக்கியத்துக்கு நான்கு துண்டு. மோசம்தான். ஆனால் வார்த்தை வருகிறது. வார்த்தை வந்தால் காற்று போகிறது என்று அர்த்தம்.

"நான் எடுக்கல" என்றாள் ரேடியோ கண்ணாடியிலிருந்து திரும்பாமலே. அவள் கன்னம் நனைந்திருந்தது. "சும்மா போட்டுப் பார்த்தேன்."

"எடுக்கலையாம்" என்று அவள் கைப்பேசியில் சொன்னாள். "கேஸை அப்புறம் நடத்தலாம். இப்ப ஊது. மெதுவா."

இருபத்தோராவது நிமிடத்தில் மேலே ஒரு முனகல் கேட்டது. பெட்டி ஒரு குலுக்கலுடன் நகர்ந்தது. நடந்து போனால்கூட முந்திவிடலாம், அவ்வளவு மெதுவாக. ஒரு தூணைத் தாண்டியது. நின்றது. நகர்ந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, எதுவும் நடக்காததுபோலச் சூப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். என்னென்ன சூப், எவ்வளவு சூடு, யார் கிண்ணம் பெரிது.

அவளுடைய பெட்டிதான் முன்னால் இருந்தது. அதுதான் முதலில் மேடையைத் தொட்டது. மீசையில் பனி உறைந்த ஊழியர் ஒருவர் கதவைக் கையாலேயே இழுத்துத் திறந்தார். ரேடியோவை இறக்கி அவர் கையில் பிடித்துக்கொடுத்துவிட்டுத் திரும்பினாள். ஆக்சிஜன் சிலிண்டரோடு ஒரு பெண் தயாராக நின்றிருந்தாள். இருபத்து மூன்றாம் பெட்டி கண்ணுக்கு எதிரே, கைக்கெட்டும் தூரம்போல வந்தது. மறுபடியும் நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"கடைசித் தூண்ல காத்து அதிகம்மா. இப்ப இழுத்தா பெட்டி தூண்ல இடிக்கும். அடங்கட்டும்" என்றார் மீசைக்காரர். அவர் குரலிலும் பதற்றம்.

மேடை ஓரத்து மஞ்சள் கோட்டின்மேல் நின்றாள். குளிரில் கிடந்த மருந்து சரியாகப் பீய்ச்சாது என்று பஃபை அக்குளில் இடுக்கிச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் மகளின் தலை தெரிந்தது. தாய்க்கு எதிரே, பார்க்கும் தூரத்தில் பிள்ளை மூச்சுக்குப் போராடுகிறது. நடுவில் வெறும் காற்று. கைப்பேசி காதில்தான் இருந்தது. ஆனால் அழைப்பு மையத்தில் சொல்லித்தந்த எல்லா வரிகளும் தீர்ந்துவிட்டன.

"நான் இங்கேயே நிக்கிறேன்" என்றாள். "தெரியுதா? கையை ஆட்டுறேன் பாரு. இங்கேயே நிக்கிறேன்."

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை மெல்ல உயர்ந்தது.

நான்கு நிமிடம். அவள் வாழ்க்கையில் அதைவிட நீளமான நான்கு நிமிடம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. பெட்டி நகர்ந்து வந்தது. கணவன் மகளைத் தூக்கிக்கொண்டே இறங்கினார். வக்கீலின் உதடு சாம்பல் நிறமாக இருந்தது. பஃபில் பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி வாயில் வைத்து, ஒரு அழுத்து, மெதுவாக மூச்சு, மறுபடி ஒரு அழுத்து என்று நான்கு முறை. பிறகு ஆக்சிஜன் முகமூடி. முதலுதவிப் பெண் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியை மாட்டி எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சில நிமிடம் கழித்து மீண்டும் நான்கு. எண் ஒவ்வொன்றாக ஏறியது. உதட்டில் நிறம் திரும்பியது. வக்கீல் முகமூடியைத் தள்ளிவிட்டு, முதல் வேலையாக, "கையுறை விஷயம் முடியல" என்றாள்.

கணவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ரோப் காரை அன்றைக்கு மறுபடி ஓட்டப்போவதில்லை என்றார்கள். பனியில் ஓடும் சங்கிலிச் சக்கர வண்டியில் அவர்களைக் கீழே இறக்கினார்கள். அது உறுமிக்கொண்டு சரிவில் இறங்கியபோது ரேடியோவுக்குப் போன குரல் மொத்தமாகத் திரும்பி வந்தது. ஓட்டுநரிடம் அவருக்குச் சம்பந்தமில்லாத எல்லாக் கேள்விகளையும் கேட்டாள். ஒரு பள்ளத்தில் வண்டி துள்ளியபோது நான்கு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. வக்கீலுக்குச் சிரிக்கத் தடை என்று அம்மா சொல்ல, அதற்காகவே அவள் சிரித்தாள்.

அடிவாரத்துச் சின்ன மருத்துவமனையில் இரண்டு மணி நேரம் மருந்தை ஆவியாக்கிக் கொடுத்தார்கள். தினமும் எடுக்கவேண்டிய தடுப்பு மருந்து ஒன்றையும் டாக்டர் எழுதிக் கொடுத்தார். கணவன் வெளியே நாற்காலியில் வாய் பிளந்து தூங்கினார். அவர் மடியில் தலைவைத்து ரேடியோவும் ஒருவழியாக ஓய்ந்திருந்தாள்.

வக்கீலின் படுக்கை ஓரத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். "ஜாக்கெட்டை மாத்தச் சொன்னது நான். பாக்கெட்டைப் பார்க்காம திணிச்சதும் நான்."

வக்கீல் போர்வை ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "நேத்தே எனக்குக் கொஞ்சம் இழுத்துச்சும்மா. சறுக்குமேட்டுலயே. காலைலயும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கிளம்பலாம்னுடுவ. இந்தத் தடவையும் என்னாலதான் கெட்டுச்சுன்னு ஆகும். அப்பா எவ்வளவு சிரிச்சாரு தெரியுமா நேத்து."

சன்னலுக்கு வெளியே யாரோ கார் கண்ணாடியிலிருந்து பனியைச் சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எனக்குக் கேட்டுச்சு" என்றாள் கடைசியில். "நீ இருமினது. கேட்டும் கேட்காத மாதிரி இருந்துட்டேன். எனக்கும் ஊருக்குத் திரும்ப மனசில்ல."

வக்கீல் தலை நிமிர்ந்து பார்த்தாள். படுக்கையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அம்மா காலணியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சாய்ந்துகொண்டாள்.

மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். கணவனை ஓட்டவிட அவளுக்குத் தைரியமில்லை. சிக்னலில் நின்றால் தூங்கிவிடுவார். பின்னால் அவரும் ரேடியோவும் ஏறினார்கள். முன்னால் வக்கீல். மலைப்பாதை முடிந்து சமதளம் வந்ததும், அதுவரை எந்தக் குறையும் சொல்லாத அம்மாவின் கைகள் நடுங்க ஆரம்பித்தன. முதலில் விரல்கள். பிறகு முழங்கைவரை. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துப் பார்த்தாள். நிற்கவில்லை. இண்டிகேட்டரைப் போட்டு, சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தாள்.

"என்னாச்சும்மா?"

"ஒண்ணுமில்ல. அஞ்சு நிமிஷம். நாளைக்கு எனக்குக் காலை ஷிஃப்ட். போன் பண்ணி வரமுடியலன்னு சொல்லணும்."

"பண்ணு."

"கை ஆடுது. நம்பர் அழுத்த முடியல."

வக்கீல் அம்மாவின் கைப்பேசியை வாங்கினாள். எண்ணைத் தேடி அழுத்தி, ஒலி முழுவதும் கூட்டி, அம்மாவின் வாயருகே பிடித்துக்கொண்டாள். மறுமுனையில் மணி அடித்தது. பின் சீட்டில் கணவன் தூக்கத்தில் ஏதோ முணுமுணுத்துவிட்டு ரேடியோவை இன்னும் கொஞ்சம் இறுக்கி அணைத்துக்கொண்டார். சாலையில் லாரி ஒன்று காரை உலுக்கிவிட்டுக் கடந்து போனது.